பிரெஞ்சுச் சீயோவின் ஆடி அமாவாசை

ஒரு கோடைகாலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு பிரெஞ்சுப் பிரபு தங்கியிருந்தார். பஞ்சுபோன்ற வெள்ளை முடி, கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சாயம், நீலப் பட்டு அங்கி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளை லேஸ். வாடகை தரவில்லை என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு கேட்கமாட்டார், காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்கமாட்டார், தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்று சண்டை பிடிக்கமாட்டார். பலெர்மோ நகரத்தின் ஏழைப் பகுதியான போர்கோ வெக்கியோவில் இரண்டே அறைகளில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று முட்டிமோதிக்கொண்டிருந்த எங்களுக்கு இதைவிட நல்ல விருந்தாளி வாய்த்திருக்கமாட்டார். அவர் தைலவண்ணத்தில் வரைந்த ஒரு படம். வயது இருநூறுக்கு மேல். அப்படிப்பட்ட சாதுவான மனிதர் என் அப்பாவைக் கள்ளனாக்கி நாட்டைவிட்டே துரத்தப் பார்த்தார்.

அப்பா அதே ஊரின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு சிஞ்ஞோராவிடம், அதாவது வயதான ஒரு சீமாட்டியிடம், வேலை பார்த்தார். அவருடைய வீட்டை வீடு என்றால் அது கோபித்துக்கொள்ளும். அது மாளிகை. வாசலால் குதிரை வண்டியே நுழையலாம். ஆனால் சிஞ்ஞோரா அதில் மூன்று அறைகளில்தான் வாழ்ந்தார். மற்ற அறைகளில் வாளிகள் குடியிருந்தன. மாரியில் கூரை ஒழுகும் இடங்களுக்கு நேரே வைத்தவை அவை. சமையல், துடைப்பு, கடை, மருந்து, சிஞ்ஞோராவின் கோபம் எல்லாவற்றையும் அப்பா ஒருவரே கவனித்தார்.

அப்பாவின் இத்தாலியன் குசினியில் பிறந்து வளர்ந்தது. சமையலறையை நாங்கள் குசினி என்பதுபோல இத்தாலியர்கள் குச்சீனா என்கிறார்கள் என்று வந்த புதிதிலேயே கண்டுபிடித்தவர், மிச்ச மொழியும் அதுபோலத் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. ஆகவே சட்டிக்கும் விளக்குமாறுக்கும் அப்பாற்பட்ட விடயம் எதுவானாலும், பள்ளிக்கூட விடுமுறையில் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சந்தையில் மீன் விற்பவர்கள் பேசுகிற இத்தாலியன்தான் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தாலே சிஞ்ஞோரா ஒரு காதைப் பொத்திக்கொள்வார்.

சிஞ்ஞோராவுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு மிலானோவில் இருந்த தம்பி மகன், அதாவது மருமகன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் அத்தையைப் பார்க்க வருவார். ஒரு வருடம் வந்துவிட்டுப் போனபோது சுவர் மணிக்கூட்டைக் காணவில்லை. அடுத்த வருடம் சரவிளக்கு. அதற்கடுத்த வருடம் ஒரு சோடிக் கதிரை. வெறுங்கையோடு வருகிறவர் வெறுங்கையோடு போனதில்லை. எல்லாம் ஒருநாள் தனக்கு வரவேண்டியவைதானே, கொஞ்சம் முந்தினால் என்ன என்பது அவருடைய நியாயம். அந்த ஆண்டு, மாளிகைச் சுவரில் தொங்கிய பிரபுவின் படத்தை விலைபேச ஆட்களைக் கூட்டிவரப்போவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

சிஞ்ஞோரா அந்தப் படத்தைப் படம் என்று சொல்வதில்லை. 'லோ ட்சியோ' என்பார். இத்தாலியனில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். எங்கள் வீட்டில் அது சீயோ ஆகிவிட்டது. ஒருநாள் சிஞ்ஞோரா என்னை இருத்தி, அப்பாவுக்குச் சொல்லும்படி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிரான்சில் பெரிய சண்டை வந்ததாம். படத்தில் இருக்கிற மாமாவின் தலையை வெட்டிவிட்டார்களாம். அவருடைய தம்பி தப்பிக் கப்பலேறிப் பலெர்மோவுக்கு ஓடிவந்தாராம். கையில் கொண்டுவந்தது இந்தப் படம் ஒன்றைத்தானாம். அந்தத் தம்பியின் வழியில்தான் சிஞ்ஞோரா. இனி இந்த வீட்டில் தனக்குச் சொந்தமென்று மிச்சம் இருப்பவர் இவர் மட்டும்தான், இவரையும் கொண்டுபோக விடமாட்டேன், மருமகன் திரும்பிப் போகும்வரை உங்கள் வீட்டில் வைத்திருங்கள், ஒரு பிரபுவைப் போர்கோ வெக்கியோவில் யாரும் தேடமாட்டார்கள் என்றார். நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே அப்பா 'சீ, சிஞ்ஞோரா' என்று இத்தாலியனில் ஆம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல எந்த மொழியிலும் வராது.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவருக்குப் பயம் பிடித்தது.

"பிள்ளை, இதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. கூரை ஒழுகுது, அதாலை கொண்டு வந்ததெண்டு சொல்லுவம்."

"மழையே இல்லையே அப்பா."

அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப, சுண்ணாம்பு அடிக்கினம் எண்டு சொல்லுவம்."

"ஏன் அம்மாவுக்குச் சொல்லக் கூடாது?"

"அந்த மருமோன் கண்டானெண்டால் நான் களவெடுத்ததெண்டுதான் சொல்லுவான். சிஞ்ஞோராவுக்கு வயசு போட்டுது, அவ சொல்லுறதை ஆரும் கேக்கமாட்டினம். இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். கள்ளனெண்டு பேர் விழுந்தால் பெர்மெஸ்ஸோ இல்லை. நாங்கள் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை அம்மாவுக்குச் சொன்னால் அவ நித்திரை கொள்ளுவாவோ?"

அம்மாவின் நித்திரையைக் காப்பாற்றுவதற்காக அன்றிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் நித்திரை போனது.

படத்தின் பொன்முலாம் பூசிய சட்டம் எங்கள் வீட்டு வாசலுக்குள் அடங்காது என்பதால் அதை மாளிகைச் சுவரிலேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் கழற்றி, கட்டில் விரிப்பில் சுற்றினோம். மாமா சந்தையில் மீன்காரர் ஒருவரிடம் லாப்பா எனப்படும் மூன்று சக்கர வண்டியை இரவல் வாங்கி வந்தார். பிரபு மத்தி மீன் வாசனையோடு எங்கள் வீட்டுக்குள் எழுந்தருளினார். மாமா படுக்கிற அறையில், அவருடைய கால்மாட்டில் சுவரோடு சாத்தி வைத்தோம்.

அம்மா அகப்பையும் கையுமாக வந்து பார்த்தார்.

"ஆர் இவர்?"

"சிஞ்ஞோராவின்ரை சீயோ," என்றார் அப்பா.

"தாய் வழியோ, தேப்பன் வழியோ?"

"சீயோ எண்டால் சீயோதான். அவையள் அதெல்லாம் பிரிச்சுக் கதைக்கிறேல்லை."

"ஆள் இப்ப எங்கை?"

"மோசம் போட்டார். பிரான்ஸிலையாம்."

"என்ன வருத்தம் வந்து?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். "வருத்தமில்லை," என்றார் அப்பா. "தலையை வெட்டிப்போட்டாங்களாம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "ஆர், ஆமியோ?"

"இல்லை. சனங்கள்தானாம்."

"எந்த இயக்கம்?"

"அது சிஞ்ஞோரா சொல்லேல்லை."

இப்போது யோசித்தால், சண்டை நடந்து இருநூறு வருடமாகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சிஞ்ஞோரா அதைச் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. சண்டை, வெட்டு, சகோதரன் கப்பலேறித் தப்பியது, கையில் ஒரு படம் மட்டும் மிஞ்சியது என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பழங்கதையாகப் படாது. அம்மாவே கல்யாண அல்பத்தைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தவர்தான். பிரான்ஸ் என்றால் எங்களுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல். அங்கே அம்மாவின் மச்சாள் ஒருவர் இருந்தார். போன மாதம் நடந்த செய்தியைக் கேட்பதுபோலத்தான் அம்மா கேட்டார்.

பிறகு கிட்டப் போய்க் குனிந்து படத்தை ஆராய்ந்தார். அம்மாவின் முகத்தில் மெல்ல மெல்ல எல்லாம் தெளிந்தது.

"பவுடர் போட்டிருக்கு, பாத்தியளோ? கன்னத்துக்கும் சொண்டுக்கும் சாயம் பூசியிருக்கு. இது செத்தாப்பிறகு வெளிக்கிடுத்தி எடுத்த படம். அதுதான் கழுத்திலை துணி சுத்தியிருக்கு. வெட்டு வெளியிலை தெரியாமல்."

யாழ்ப்பாணத்தில் பிரேதத்துக்குப் பவுடர் போட்டு, பட்டு உடுத்தி, படம் எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவது வழக்கம். அதைத் தெரிந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. மாமா கட்டிலைவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்தார். "அக்கா, நான் குசினியிலை படுக்கிறன்," என்றார்.

அன்று தொடக்கம் வீட்டில் நடந்த அத்தனை அசம்பாவிதத்துக்கும் சீயோவே பொறுப்பானார். பால் திரைந்தது, சீயோ. சமைத்துக்கொண்டிருக்கும்போதே காஸ் சிலிண்டர் முடிந்தது, சீயோ. மாமா படியில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டதும் சீயோதான். மாமா உடைந்த படியில் கால் வைத்தார் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மாமா பயம் தாங்காமல் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கே அவருக்கு வேலை நின்றது. அதன்பிறகு யாரும் சீயோவுக்கு முதுகு காட்டவோ அவரை முதுகு காட்ட வைக்கவோ துணியவில்லை.

அம்மா மலைக்கு ஏறி, ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைத்துப் பார்த்தார். பலன் இல்லை. அம்மா கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"துர்மரணம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்த மாதிரித் தெரியேல்லை. சிஞ்ஞோரா தனிய ஒரு பொம்பிளை, அவ என்ன செய்வா? செத்த நாளும் தெரியாது. வாற ஆடி அமாவாசைக்கு நாங்களே செய்து விடுவம்."

"நாங்கள் ஆர் செய்யிறதுக்கு?" என்றார் அப்பா.

"எங்கடை வீட்டிலைதானே இருக்கிறார்? நடுவீட்டுக்குள்ளை ஒருத்தரைப் பசியோடை வைச்சுக்கொண்டு நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது?"

அப்பா நாட்காட்டியை எடுத்து அமாவாசையைத் தேடினார்.

படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும். அதைக் கேட்டுவர அப்பாவும் நானும் போனோம். படத்து மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்டதும் சிஞ்ஞோரா சிரித்தார். "பெண்களும் சொக்லேட்டும்," என்றார். நான் உள்ளபடி மொழிபெயர்த்தேன். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டாவதை மட்டும் சொன்னார்.

அடுத்த சிக்கல் பாஷை. அம்மா தமிழில் கூப்பிட்டால் சீயோவுக்கு விளங்குமா? இத்தாலியனில் கூப்பிடலாம் என்றால், அதில் அவரிடம் மரியாதையாகக் கதைக்க வீட்டில் ஆளில்லை. என் இத்தாலியனுக்குப் பிரபு எழும்பி ஓடிவிடுவார் என்றார் மாமா. அப்போதுதான் கீழ்வீட்டு மொரிசியஸ் அண்ணையின் ஞாபகம் வந்தது. அவரும் தமிழர்தான். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் முருகன் பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடும்போது அம்மாவுக்குக் கண்ணீர் வரும். அவருடைய பூட்டனை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கிய துரைமார் பேசியது அந்தப் பிரெஞ்சுதான். இப்போது அதே பாஷையில் ஒரு துரையைச் சாப்பிடக் கூப்பிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. கேட்டதும் உடனே சம்மதித்தார். வேட்டியை இஸ்திரி போட ஓடினார்.

அமாவாசை வந்தது. அம்மா விடியவே குளித்து, பின்வீட்டு மாடத்தில் பூத்திருந்த பொமேலியாப் பூவைக் கேட்டு வாங்கி மாலை கட்டினார். அதை எங்கள் ஊரில் ஈழத்தலரி என்பார்கள் என்று கட்டும்போது எனக்குச் சொன்னார். ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்தில் காத்தோட்டிக்காய் சமைக்கவேண்டும். பலெர்மோ மதில்களின் வெடிப்பில் முளைக்கிற கப்பெரோவின் காயும் அதே கைப்போடு இருப்பதை அம்மா எப்படியோ கண்டுபிடித்திருந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, காத்தோட்டிக்காய், வடை, பாயசம். வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாள். ஓரத்தில் ஒரு சொக்லேட் கட்டி. மாமா ஒரு கிளாசில் வைன் கொண்டுவந்து வைத்தார். அம்மா முறைத்தார். "பிரெஞ்சுக்காரனுக்குப் பச்சைத்தண்ணி வைச்சால்தான் அக்கா கோவம் வரும்," என்றார் மாமா.

சீயோவைக் கதிரையில் இருத்தினோம். ஈரமான எதுவும் படத்தில் படக்கூடாது என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அதனால் அம்மா சந்தனத்தை விட்டுவிட்டு, காய்ந்த திருநீற்றைப் பஞ்சால் தொட்டு மூன்று குறியாக இட்டார். பொட்டு இல்லாமல் விட மனமில்லை. தன் ஒட்டுப்பொட்டில் பெரியது ஒன்றை எடுத்து நெற்றி நடுவில் ஒட்டினார்.

"ஆம்பிளைக்கு ஒட்டுப்பொட்டோ அக்கா?"

"சொண்டுக்குச் சாயம் பூசின ஆம்பிளைதானே. அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்."

இறந்தவருக்குக் கோடித்துணி கொடுக்கவேண்டும் என்பதால் புதுச் சால்வை ஒன்றைத் தோளோடு போர்த்தி, மாலையை நாடி வரைக்கும் போட்டார். நீலப் பட்டு மறைந்தது. லேஸ் மறைந்தது. வெள்ளை முடியும் திருநீறும் பொட்டுமாக, ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர் ஒருவர் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை அறையை நிறைத்தது. மொரிசியஸ் அண்ணை கையைக் கூப்பி, 'மிசியே' என்று தொடங்கி, சாப்பிட வரும்படியும் பிறகு யாருக்கும் தொந்தரவு தராமல் நல்லபடியாகப் போய்ச்சேரும்படியும் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டார். பிறகு பாட்டை எடுத்தார்.

அந்த நேரம்தான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

நான் போய்த் திறந்தேன். ஒரு பொலிஸ்காரர், வயிறு பெருத்தவர், படியேறி வந்ததில் சட்டை முழுக்க வியர்வை. அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, மெல்லிய, கோட்டுப் போட்ட ஒருவர். சிஞ்ஞோரா வீட்டில் முந்தின ஆகஸ்டில் அவரைப் பார்த்திருக்கிறேன். மருமகன். வெறும் சட்டத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, படம் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். 'மாமா எல்லோரையும் போலக் கடற்கரைக்குப் போயிருக்கிறார், ஆகஸ்ட் அல்லவா' என்று சிஞ்ஞோரா சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வேலைக்காரன் சுருட்டிவிட்டான் என்று அவர் நேரே பொலிசுக்குப் போய்விட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்குப் பின்னால், வேட்டியோடும் வெறும் மேலோடும் அப்பா நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், கதிரையில், மாலையும் கழுத்துமாகப் படம். அப்பாவின் முகம் திருநீற்றைவிட வெள்ளையாகிவிட்டது.

பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்கு, புகை, பூ, படையல், கைகூப்பிய ஆட்கள், பாட்டு. தொப்பியைக் கழற்றினார். பலெர்மோக்காரருக்குச் செத்தவீட்டை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"யார் இறந்தது, மகளே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"லோ ட்சியோ," என்றேன்.

"எப்போது?"

அம்மாவிடம் கேட்டேன். "அது ஆருக்குத் தெரியும்? நாள் தெரியாதபடியாலைதானே அமாவாசையிலை செய்யிறம்," என்றார் அம்மா. யாருக்கும் நாள் தெரியாது என்று மொழிபெயர்த்தேன்.

"எப்படி?"

"தலையை வெட்டிவிட்டார்கள்."

பொலிஸ்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, படித்தவர்களை அழைக்கும் மரியாதையோடு, "தொத்தோரே, இவர்கள் நாட்டில் சண்டை. நீங்கள் செய்தி பார்ப்பதில்லையா?" என்றார். மருமகன் சிவந்துபோய், எதையாவது சொல்லிச் சமாளிக்கவேண்டுமே என்று, தான் சிஞ்ஞோராவின் மருமகன் என்றார்.

"ஆராம் பிள்ளை?" என்றார் அம்மா.

வேறு என்ன சொல்வது? "சிஞ்ஞோராவின்ரை மருமோனாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஒளித்து வைத்த கதை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. "அட, உரிமைக்காரன் வந்திட்டான். நான் நினைச்சனான், சீயோ தன்ரை ஆளை எப்பிடியும் கூப்பிடுவாரெண்டு. தம்பியை வரச்சொல்லு. சப்பாத்தைக் கழட்டி, கைகால் அலம்பிப்போட்டு வந்து சீயோவுக்கு எள்ளுந் தண்ணியும் விடச் சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்தேன்: மாமாவுக்காக நீங்களும் தண்ணீர் விடவேண்டும் என்று அம்மா கேட்கிறார். யாருடைய மாமா என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் இதை என் கெட்டித்தனம் என்று என் மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கெட்டித்தனமும் இல்லை, மண்ணும் இல்லை. இத்தாலியனில் 'லோ ட்சியோ' என்றால் அவ்வளவுதான். கேட்கிறவர் தனக்கு விரும்பிய மாமாவை நினைத்துக்கொள்ளலாம்.

மருமகன் தயங்கினார். பொலிஸ்காரர் தொப்பியை நெஞ்சில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கைகால் அலம்பி வந்து, சீயோவுக்கு முன்னால் மண்டியிட்டார். அம்மா அவருடைய உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை வார்த்தார். சொன்னபடி மூன்று முறை விட்டார். பூப் போட்டார். புகையில் மங்கிய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீயோவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல முகம்," என்றார் கடைசியில். "எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறது. பாவம்."

சின்ன வயதிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் அவர் ஓடி விளையாடியிருக்கிறார். ஆனால் அவர் என்றைக்கும் பார்த்தது பொன்முலாம் சட்டத்தை.

அம்மா மருமகனையும் சீயோவையும் மாறிமாறிப் பார்த்தார். "மூக்கைப் பாருங்கோவன், உரிச்சு வைச்ச மாதிரி," என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

சாப்பிடாமல் போக அம்மா விடவில்லை. பொலிஸ்காரர் வடையைத் தொடர்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகன் காத்தோட்டிக்காயைக் கடித்துக் கண் கலங்கினார். அதைத் துக்கம் என்று நினைத்து அம்மா அவருடைய முதுகைத் தடவிவிட்டார். செத்தவீட்டில் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் வாய் பேசாமல் எழுந்து போனார்கள். கீழே படியில் பொலிஸ்காரரின் குரல் மட்டும் கேட்டது. "இவர்களையா கள்ளர் என்றீர்கள், தொத்தோரே?"

கதவு சாத்தியதும் அப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அம்மா நாட்கணக்கில் அவரோடு கதைக்கவில்லை. அதன்பிறகு கதைத்தபோது, "சோறு போட்ட வீட்டைச் சீயோ காப்பாத்திப்போட்டார்," என்று மட்டும் சொன்னார். மாமா தன் கட்டிலுக்குத் திரும்பினார். பால் திரையவில்லை.

மருமகன் மிலானோவுக்குப் போன பிறகு சீயோவை அதே லாப்பாவில் கால்சாவுக்குக் கொண்டுபோனோம். அப்பா அவரைச் சட்டத்தில் பொருத்தி, திருநீற்றைத் தட்டி, ஒட்டுப்பொட்டை நகத்தால் மெல்ல எடுத்தார். பொட்டு தன்னோடு இருநூறு வருட அழுக்கையும் எடுத்துக்கொண்டு வந்தது. மங்கிய நெற்றியின் நடுவில் வட்டமாக ஓர் இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இது என்ன என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகன் மண்டியிட்டதைச் சொன்னபோது மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலுறை ஓட்டையைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். காதைப் பொத்திக்கொள்ளவும் மறந்துவிட்டார்.

சிரித்து முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இதை உங்கள் சொந்தக்காரருக்கு மட்டும்தான் செய்வீர்களா என்று அப்பாவிடம் கேள்," என்றார்.

கேட்டேன். "இல்லையெண்டு சொல்லு," என்றார் அப்பா. "செய்ய ஆளில்லாதவைக்கும் செய்யலாம்."

சொன்னேன். சிஞ்ஞோரா தலையாட்டினார். "அப்படியானால் அப்பாவிடம் சொல், எனக்குச் சொக்லேட் பிடிக்காது," என்று தொடங்கினார். மத்தி மீன் பொரித்தது பிடிக்கும். எதிலும் உள்ளிப்பூண்டு போடக்கூடாது. கோப்பி சீனி இல்லாமல். எல்லாவற்றையும்விட, வெட்டினால் உள்ளே சிவந்திருக்கிற பெரிய வத்தகப்பழத்தின் சாற்றை மல்லிகைப் பூவோடு காய்ச்சி இறுக்கிச் செய்கிற ஜேலோ.

ஜேலோ என்றதும் எனக்கு வாய் ஊறியது. ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்துவிட்டு, "இண்டைக்கு ராச் சாப்பாட்டுக்கோ அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சிஞ்ஞோராவுக்கு முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குக் கதிரையை இழுத்து இருந்தார். "இண்டைக்கில்லைப் பிள்ளை," என்றார்.

"அப்ப எண்டைக்கு?"

குழந்தை என்ன கேட்கிறாள் என்று சிஞ்ஞோரா கேட்டார். "எப்போது என்று கேட்கிறேன்," என்றேன் இத்தாலியனில்.

"உனக்கு அவ்வளவு அவசரமா?"

"வத்தகப்பழம் இந்த மாதத்தோடு முடிந்துவிடும், சிஞ்ஞோரா."

சிஞ்ஞோரா மருமகனின் கதைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தன்னால் முடிந்தவரை பார்ப்பதாகச் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அவ்வளவு நல்ல பகிடிக்கு அப்பா மட்டும் ஏன் சிரிக்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.